ஒன்றுக்கு அடுத்தது எத்தனை?

போதும் என்று சொன்னது யார்?

அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது விரல் நுனியில் ஒரு வெட்டு. முதல் நாள் ரத்தம், மூன்றாம் நாள் பொருக்கு, இரண்டு வாரம் போனால் காயம் எங்கே பட்டது என்று தேடிப் பார்க்க வேண்டும். ஆறுவதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. புதிர் இருப்பது அதற்கு மறுநாள். அதுவரை இரவும் பகலுமாகப் பிளந்து பெருகிய தோல் செல்கள், பள்ளம் நிரம்பிய மட்டத்தில் ஓய்ந்துவிடுகின்றன. விரலில் கொம்பு முளைப்பதில்லை. போதும் என்று அவற்றுக்குச் சொன்னது யார்?

கல்லீரலிடம் இந்தக் கேள்வியை இன்னும் அழுத்தமாகக் கேட்கலாம். உறவினருக்காகத் தன் கல்லீரலின் வலது மடலைக் கொடுப்பவர், அந்த உறுப்பில் பாதிக்கு மேல் இழந்து அறுவை அரங்கிலிருந்து வெளியே வருகிறார். எஞ்சிய துண்டு சில மாதங்களில் பழைய அளவை நெருங்கிவிடுகிறது. நெருங்கியதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

வேறொரு துறையிலும் இப்படி ஒரு நிறுத்தம் இருக்கிறது. 1963 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி செய்தியாளர்களிடம் தன்னை அரித்துக்கொண்டிருந்த கவலையைச் சொன்னார்: 1970களில் பதினைந்து, இருபது, ஏன் இருபத்தைந்து நாடுகளிடம்கூட அணு ஆயுதம் இருக்கலாம். அப்போது நான்கு நாடுகளிடம் இருந்தது. கென்னடி மிகைப்படுத்தவில்லை, அன்றைய வல்லுநர்கள் பலரின் கணிப்பும் அதுதான். அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தப் பட்டியல் ஒன்பதைத் தாண்டவில்லை.

முதலாவதை உயிரியலார் செல் பெருக்கம் என்கிறார்கள். இரண்டாவதை ராஜதந்திரிகள் ஆயுதப் பரவல் என்கிறார்கள். இரண்டிலும் ஆராய்ச்சியாளர்களைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான்: ஒன்று இருந்தால் அடுத்த சுற்றில் எத்தனை?

வேகத்தில் இல்லை ஆபத்து

பெருக்கம் என்றாலே பயப்படத் தேவையில்லை. வளர்ந்த மனித உடலில் ஒவ்வொரு நாளும் சுமார் 33,000 கோடி செல்கள் புதிதாக உருவாகின்றன. பெரும்பாலானவை ரத்த செல்கள். அடுத்த இடம் குடலின் உட்சுவருக்கு. அந்தச் சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னையே புதுப்பித்துக்கொள்கிறது. எலும்பு மஜ்ஜையும் குடலும் முடிவேரும் பல புற்றுக்கட்டிகளைவிட வேகமாகப் பெருகுபவை. கீமோதெரபி எடுப்பவர்களுக்கு முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் இதனால்தான். பிளந்துகொண்டிருக்கும் செல்களைத் தாக்கும் மருந்துக்கு, அது கெட்ட செல்லா நல்ல செல்லா என்று பார்க்கத் தெரியாது.

அப்படியானால் ஆரோக்கியமான குடலுக்கும் புற்றுக்கட்டிக்கும் வேறுபாடு எங்கே? ஒரு விகிதத்தில். இந்தத் தலைமுறையில் பிளக்கும் செல்கள் ஆயிரம் என்றால், அவற்றின் வாரிசுகளில் மீண்டும் பிளக்கப் போகிறவை எத்தனை? இந்த விகிதத்தை இங்கே ‘பெருக்க எண்’ என்று வைத்துக்கொள்ளலாம். கொரோனா காலத்தில் நாளிதழ்கள் தினமும் அச்சிட்ட ‘ஆர்’ எண்ணுக்கு இது நெருங்கிய உறவு.

குடல் சுவரில் ஒரு மூல செல் பிளந்தால் இரண்டு பிறக்கின்றன. சராசரியாக அவற்றில் ஒன்று மூல செல்லாகவே இருந்துவிடுகிறது. மற்றொன்று முதிர்ந்து, வேலை பார்த்து, உதிர்ந்துபோகிறது. எத்தனை கோடி பிளந்தாலும் பெருக்க எண் ஒன்றிலேயே நிற்கிறது. காயம் ஆறும்போது சில நாட்கள் ஒன்றைத் தாண்டி, பிறகு திரும்பி வருகிறது.

முப்பது இரட்டிப்புகள்

ஒன்றைக் கொஞ்சம் தாண்டினால் என்ன ஆகிவிடும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் செல்களில் தொடங்குவோம். பெருக்க எண் ஒன்று என்றால் நூறு தலைமுறை கழித்தும் அதே ஆயிரம். 1.05 என்றால், அதாவது நூற்றுக்கு ஐந்து மட்டும் கூடுதல் என்றால், நூறாவது தலைமுறையில் அது 1,31,000-ஐத் தாண்டுகிறது. 0.95 என்றால் ஆறு மிஞ்சும். ஒன்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு சிறு விலகல். ஒரு பக்கம் அழிவு, இன்னொரு பக்கம் வெள்ளம்.

இனி முழு இரட்டிப்பு. எந்தத் தடையும் இல்லாத ஒரே ஒரு செல். அது இரண்டாகி, நான்காகி, எட்டாகிறது. பத்து இரட்டிப்பில் ஆயிரத்துச் சொச்சம். இருபதில் பத்து லட்சம். அவ்வளவும் சேர்ந்தாலும் எடை ஒரு மில்லிகிராம்தான், கடுகைவிடச் சிறியது. எந்த விரலும் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. முப்பதாவது இரட்டிப்பில் நூறு கோடி செல்கள், ஏறத்தாழ ஒரு கிராம். பெண் ஒருவர் தன் மார்பகத்தில் கட்டி இருப்பதை உணர்ந்து மருத்துவரிடம் போவது பெரும்பாலும் இந்த அளவை ஒட்டித்தான்.

இதற்குப் பிறகு வருவதுதான் கொடுமை. இன்னும் பத்தே இரட்டிப்புகள் நடந்தால், கணக்குப்படி அந்தக் கட்டி ஒரு கிலோ. இரட்டிக்க நூறு நாள் ஆகும் கட்டியை எடுத்துக்கொண்டால், முதல் முப்பது இரட்டிப்புக்கு எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அடுத்த பத்துக்கு மூன்று ஆண்டுகூட ஆவதில்லை. ‘திடீரென்று வந்துவிட்டது’ என்று குடும்பம் சொல்லும் நோய், தன் இரட்டிப்புகளில் முக்கால் பங்கை யாருக்கும் தெரியாமல் முடித்திருக்கிறது. ‘போன வருஷமே பார்த்திருக்கலாமே’ என்று நோயாளியைக் குற்றம் சொல்லும் உறவினர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

நிஜமான கட்டி இவ்வளவு ஒழுங்காக வளர்வதில்லை. உள்ளே ரத்தம் போகாமல் செல்கள் சாகின்றன; கட்டி பெரிதாகப் பெரிதாக வேகம் தளர்கிறது. ஆனாலும், தொடக்கம் கண்ணில் படாது, முடிவு கையில் நிற்காது என்ற இந்தக் கணக்கின் குணம் மாறுவதில்லை.

கோப்பன்ஹேகனில் கேட்ட கேள்வி

அணுவின் உள்ளேயும் இதே கணக்குதான் ஓடுகிறது. அதைக் கண்டவர்கள் பெயர் தேடி உயிரியலாரிடமே போனார்கள்.

1938 கிறிஸ்துமஸ் சமயம். பெர்லினிலிருந்து ஓட்டோ ஹான் எழுதிய கடிதம் ஸ்வீடனில் அகதியாக இருந்த லீசெ மைட்னருக்கு வந்திருந்தது. யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் அதில் பாதி எடை கொண்ட பேரியம் எப்படி வரும்? மைட்னரும் அவருடைய அக்காள் மகன் ஓட்டோ ஃப்ரிஷும் பனியில் நடந்தபடியே விடையைக் கண்டார்கள்: அணுக்கரு ஒரு நீர்த்துளி போல நீண்டு, இடை சுருங்கி, இரண்டாகப் பிளக்கிறது. கோப்பன்ஹேகன் திரும்பிய ஃப்ரிஷ், அங்கே வேலை பார்த்த அமெரிக்க உயிரியலார் வில்லியம் ஆர்னால்டிடம் கேட்டார்: ஒரு செல் இரண்டாவதை உங்கள் துறையில் எப்படிச் சொல்வீர்கள்? ஆர்னால்டு சொன்ன சொல்தான் 1939 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் அணுக்கருப் பிளவுக்குப் பெயராக அச்சேறியது. அடுத்த ஆறரை ஆண்டில் அந்தப் பெயர் எங்கே போய்ச் சேரும் என்று பாக்டீரியா ஆய்வுக்கூடத்தில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

யுரேனியம்-235 அணு ஒன்று பிளந்தால் சராசரியாக இரண்டுக்கு மேல், இரண்டரைக்குச் சற்றுக் குறைவாக நியூட்ரான்கள் வெளிவருகின்றன. அவற்றில் எத்தனை அடுத்த அணுவைப் பிளக்கின்றன என்பதுதான் இங்கே பெருக்க எண். இரண்டு என்று வைத்துக்கொண்டால், சுமார் எண்பது தலைமுறையில் ஒரு கிலோ யுரேனியம் முழுவதும் பிளந்துவிடும். ஒரு தலைமுறைக்கு வினாடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு போதும். ஆகவே எண்பது தலைமுறையும் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துபோகிறது. கட்டியைப் போலவே இங்கேயும் ஆற்றலில் ஏறக்குறைய எல்லாமே கடைசிச் சில தலைமுறைகளில்தான் வருகிறது. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டில் சுமார் 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் பிளந்தது ஏறத்தாழ ஒரு கிலோதான்.

அதே பிளவு, அதே நியூட்ரான், ஆனால் பெருக்க எண் சரியாக ஒன்று என்றால் அது அணு உலை. 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியில் என்ரிகோ ஃபெர்மி காட்மியம் தண்டுகளை அங்குலம் அங்குலமாக வெளியே இழுக்கச் செய்து முதல்முதலாக அந்த ஒன்றைத் தொட்டார். கிடைத்த திறன் அரை வாட், ஒரு சின்ன பல்புக்கும் காணாது. இப்படிக் கட்டுப்படுத்த முடிந்ததற்கு இயற்கை செய்த ஒரு சலுகையும் காரணம். நியூட்ரான்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத சிறு பங்கு, உடனே வராமல் சில வினாடிகள் தாமதித்து வருகிறது. அந்தத் தாமதம்தான் தண்டை உள்ளே தள்ள மனிதக் கைக்கு நேரம் கொடுக்கிறது. அது இல்லாவிட்டால் அணுமின் நிலையம் என்ற ஒன்றே சாத்தியமில்லை.

உடம்பின் பிரேக்குகள்

செல்லுக்குத் தண்டும் இல்லை, ஃபெர்மியும் இல்லை. அதன் பெருக்க எண்ணை யார் பிடித்து வைக்கிறார்கள்?

இட்லி மாவில் பெருகும் நுண்ணுயிர்கள் ஒரு கட்டத்தில் தானாக அடங்குகின்றன. தங்கள் புளிப்பே அவற்றை அடக்கிவிடுகிறது. உடம்புக்குள் அந்த வழி இல்லை. ரத்தம் உணவு கொண்டுவந்துகொண்டே இருக்கிறது, கழிவை வாரிக்கொண்டு போகிறது. எனவே உடம்பு வேறு தடைகளை வைத்திருக்கிறது.

முதல் தடை, கேட்டால்தான் பெருக்கம் என்பது. பாக்டீரியா உணவு கிடைத்தால் பிளக்கும். மனித செல்லுக்கு உணவு மட்டும் போதாது. ‘பிளக்கலாம்’ என்ற சமிக்ஞையும் வர வேண்டும். விரல் வெட்டுப்பட்டதும் ரத்தத்தட்டுகள் உறைவதோடு நிற்காமல் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களைக் கொட்டுகின்றன. காயம் மூட மூட அந்த வரத்து குறைகிறது. இரண்டாவது தடை அக்கம்பக்கம். கண்ணாடித் தட்டில் தோல் செல்களை வளர்த்தால் அவை தரை முழுவதும் ஒரே அடுக்காகப் பரவி, ஒன்றையொன்று நாலு பக்கமும் தொட்டதும் பிளப்பதை நிறுத்துகின்றன. ஊசியால் அந்த அடுக்கில் ஒரு கோடு கிழித்தால், கோட்டின் இரு கரையில் உள்ள செல்கள் மட்டும் விழித்துக்கொண்டு நகர்ந்து, பெருகி, இடைவெளியை மூடி, மறுபடி அடங்குகின்றன. ஆய்வகங்களில் இது அன்றாட வேலை. விரலில் நடப்பதன் சுருக்கம் அந்தத் தட்டில் தெரிகிறது.

நிறுத்தும் ஏற்பாடு கொஞ்சம் பிசகினால் என்ன நடக்கும் என்பதைக் காது குத்திய இடத்தில் சிலருக்குப் புடைத்து நிற்கும் கீலாய்டு தழும்பு காட்டும். ஆறிய பிறகும் அங்கே திசு வளர்ந்துகொண்டே போகிறது. அது புற்று இல்லை. தொலைவுக்குப் பரவாது, உயிரைக் குடிக்காது. நிறுத்தக் கட்டளை தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

செல்லுக்குள்ளேயே இன்னும் பல பிரேக்குகள் உண்டு. ஒன்று போனாலும் வண்டி நிற்கும்படி இயற்கை இரட்டையாகப் பொருத்தியிருக்கிறது என்பதை 1971ல் ஹூஸ்டனில் ஆல்ஃபிரட் நட்சன் காகிதத்தையும் பென்சிலையும் வைத்துக்கொண்டே கண்டுபிடித்தார். அவர் எடுத்துக்கொண்டது குழந்தைகளின் விழித்திரையில் வரும் ஒரு புற்று. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் கண்மணி சிவப்பாகத் தெரியாமல் வெள்ளையாகப் பளபளத்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். சில குழந்தைகளுக்கு மிகச் சிறு வயதிலேயே இரண்டு கண்களிலும் வந்தது. சிலருக்குக் கொஞ்சம் தாமதமாக ஒரு கண்ணில் மட்டும் வந்தது. 48 குழந்தைகளின் வயதுகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்த நட்சன் சொன்ன விளக்கம் இது: பிரேக் மரபணு ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரதி இருக்கிறது, இரண்டும் கெட்டால்தான் புற்று. பரம்பரையாக வரும் குழந்தைக்குப் பிறக்கும்போதே எல்லாச் செல்லிலும் ஒரு பிரதி கெட்டிருக்கிறது. லட்சக்கணக்கான விழித்திரை செல்களில் ஏதோ ஒன்றில் இன்னொரு விபத்து நடந்தால் போதும். மற்றக் குழந்தைகளுக்கு ஒரே செல்லில் இரண்டு விபத்தும் நடக்க வேண்டும். அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது 1986ல்; நட்சனின் பென்சில் கணக்குச் சரியாக இருந்தது.

‘பி53’ என்ற இன்னொரு பிரேக் இன்னும் கறாரானது. டிஎன்ஏ சேதமானால் பிளவை நிறுத்துகிறது, சரிசெய்ய முடியாவிட்டால் செல்லையே சாகச் சொல்கிறது. மனிதப் புற்றுகளில் ஏறத்தாழ பாதியில் இது கெட்டிருக்கிறது. யானைக்கு இந்த மரபணு இருபது பிரதிகள் உண்டு. மனிதரைவிடப் பல மடங்கு செல்கள் இருந்தும் யானைகளுக்குப் புற்று அபூர்வமாகத்தான் வருகிறது. காரணங்களில் இது ஒன்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இவ்வளவும் தாண்டினால் கடைசியாக ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறார். 1961ல் ஃபிலடெல்ஃபியாவில் லெனர்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் சாதாரண மனித செல்கள் சுமார் ஐம்பது முறை பெருகியதும் நின்றுவிடுவதைக் காட்டினார்கள். ஒவ்வொரு பிளவிலும் குரோமோசோமின் முனை கொஞ்சம் தேய்கிறது. அது தீர்ந்ததும் செல் ஓய்வு பெறுகிறது. இந்தக் கணக்கையும் ஏமாற்றிய செல்கள் உண்டு. 1951ல் பால்டிமோரில் கருப்பை வாய்ப் புற்றால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து, அவரிடம் அனுமதி கேட்காமல் எடுக்கப்பட்ட செல்கள் இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. பாப்பிலோமா வைரஸ் ஒன்று அவற்றின் பி53 பிரேக்கைக் கழற்றிவிட்டிருந்தது. அந்த வைரஸுக்கு எதிராகத்தான் இன்று சிறுமிகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள்.

அறுவைக்குப் பின் வரும் பரிசோதனை அறிக்கையில் ‘கேஐ-67’ என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் ஒரு சதவீதம். கட்டியில் எத்தனை செல்கள் பிளவுச் சுழற்சியில் இருக்கின்றன என்பதன் அளவு அது. ஜெர்மனியின் கீல் நகரில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். 67 என்பது ஆய்வுத் தட்டில் அந்தக் குழியின் எண். மருத்துவருக்குப் பயனுள்ள எண்தான். ஆனால் அது பாதிக் கதையைத்தான் சொல்கிறது. எத்தனை சாகின்றன என்பது அதில் இல்லை. அதனால் அந்த ஒரு எண்ணை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெடுவதில் அர்த்தமில்லை.

நாடுகளின் சங்கிலி

அணுகுண்டும் வாரிசுகளை உண்டாக்கும். அமெரிக்கா 1945ல் வெடித்தது. அதைப் பார்த்து சோவியத் யூனியன் 1949ல். பிரிட்டன் 1952, பிரான்ஸ் 1960, சீனா 1964. சீனாவைப் பார்த்து இந்தியா, 1974ல் பொக்ரானில். இந்தியாவைப் பார்த்துப் பாகிஸ்தான். இரண்டும் 1998 மே மாதத்தில் வரிசையாக வெடித்தன. வடகொரியா 2006. இஸ்ரேல் இருப்பதாகவும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. முதல் பத்தொன்பது ஆண்டில் ஐந்து நாடுகள். அடுத்த அறுபது ஆண்டில், செய்து பிறகு கைவிட்ட ஒன்றை விட்டால், நான்கு. ஒவ்வொரு குண்டும் தன் பகைவரிடம் அதிகம் போனால் இன்னொரு குண்டைத்தான் பிறப்பித்தது; பல கிளைகள் அதோடு பட்டுப்போயின. பெருக்க எண் ஒன்றைத் தாண்டவில்லை.

ஒரு முறை தாண்டப் பார்த்தது. பாகிஸ்தானின் அப்துல் காதிர் கான் யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிகளையும் வரைபடங்களையும் ஈரான், லிபியா, வடகொரியா என்று மூன்று வாடிக்கையாளர்களுக்கு விற்றார். ஒன்றுக்கு அடுத்தது மூன்று. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘பிபிசி சைனா’ என்ற கப்பலை இத்தாலியத் துறைமுகத்துக்குத் திருப்பிச் சோதித்தபோது, மலேசியாவில் செய்த மையவிலக்கு உதிரிபாகங்கள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. அந்த ஏற்பாட்டைச் செய்தவர் துபாயில் வணிகம் நடத்திய இலங்கைக்காரர் ஒருவர். 2004ல் மலேசியக் காவல்துறை அவரைப் பிடித்தது. கப்பல் பிடிபட்ட இரண்டு மாதத்தில் லிபியா தன் திட்டத்தைக் கைவிட்டது.

எண்ணைப் பிடித்து வைத்தவை எவை? சட்டம் என்று பார்த்தால் 1970 மார்ச் 5 அன்று நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். 1967 ஜனவரி 1க்கு முன் வெடித்த ஐந்து நாடுகள் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் தொடக்கூடாது. பதிலுக்கு அணுமின்சாரத் தொழில்நுட்பம் கிடைக்கும், ஐவரும் ஒருநாள் தங்களுடையதையும் கைவிடப் பேசுவார்கள். இந்தியா இதைப் பாரபட்சம் என்று சொல்லிக் கையெழுத்திட மறுத்தது. காலண்டரில் ஒரு தேதியை வைத்து உலகத்தை இரண்டாகப் பிரிப்பது நியாயமா என்ற கேள்விக்கு இன்றுவரை யாரும் நல்ல பதில் சொல்லவில்லை.

ஆனால் சட்டத்தைவிட வலுவாக வேலை செய்தவை வேறு. ஜப்பானும் ஜெர்மனியும் நினைத்தால் செய்யக்கூடியவை; அமெரிக்கக் குடையின் கீழ் இருந்ததால் தேவை என்ற சமிக்ஞையே அவற்றுக்கு வரவில்லை. பிரேசிலும் அர்ஜென்டினாவும் பகைவர்கள், இரண்டும் ரகசியமாகச் செறிவூட்டிக்கொண்டிருந்தவை. 1991ல் இரண்டும் சேர்ந்து ரியோவில் ஒரு முகமை தொடங்கின. அன்றிலிருந்து பிரேசில் ஆய்வாளர்கள் அர்ஜென்டின ஆலைக்குள் போய்ப் பார்க்கிறார்கள், அர்ஜென்டினர்கள் பிரேசிலுக்குள். கண்ணாடித் தட்டில் ஒன்றையொன்று தொட்டதும் அடங்கும் செல்களுக்கு அரசியலில் இதைவிட நெருக்கமான இணை கிடைக்காது.

இந்த ஒப்புமை இடறும் இடமும் உண்டு. நாடுகளின் எண்ணிக்கை அடங்கியிருந்த அதே காலத்தில், வைத்திருந்தவர்களின் கிடங்குகள் கட்டுக்கடங்காமல் வீங்கின. 1986ல் உலகத்தில் ஏறத்தாழ 70,000 அணுகுண்டுகள். பெரும்பங்கு இரண்டே நாடுகளிடம். இப்போது 12,000-ஐச் சற்றுத் தாண்டி. புற்றிலும் கட்டி வளர்வது வேறு, அது வேறு உறுப்புக்குப் பரவுவது வேறு. உயிரைப் பெரும்பாலும் எடுப்பது பரவல்தான் என்பதால் மருத்துவர் பரவலுக்கு அதிகம் அஞ்சுகிறார். ஆயுத விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. பரவலைத் தடுப்பதில் ஐந்து பெரிய நாடுகள் காட்டிய அக்கறை, சொந்தக் கட்டியைக் குறைப்பதில் இல்லை. எதிரி நாட்டைப் புற்றுநோய் என்று மேடையில் திட்டுபவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது, அல்லது தெரிந்தும் வசதியாக மறந்திருப்பார்கள்.

உள்ளங்கை அளவு துணி

வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் பையில் எடுத்துப்போவதில் முக்கியமானது உள்ளங்கை அளவு வெள்ளைப் பருத்தித் துணி. ஆலையின் சுவரையும் குழாயையும் அதனால் துடைத்து உறையில் போட்டு மூடி அனுப்புவார்கள். யுரேனியத்தையோ புளூட்டோனியத்தையோ கையாண்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது.

1992ல் வடகொரியா தன் புளூட்டோனியக் கணக்கை ஒப்படைத்தது: 1990ல் ஒரே ஒரு முறை பிரித்தெடுத்தோம், சுமார் 90 கிராம். ஆய்வாளர்கள் எடுத்துவந்த மாதிரிகள் வேறு கதை சொல்லின. புளூட்டோனியத்தின் ஒரு வகை, காலப்போக்கில் அமெரிசியமாக மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் பிரித்தெடுத்த ஆண்டு தெரியும். துகள்களுக்கு ஒரே வயது இல்லை. ஒரு முறைக்கு மேல் நடந்திருக்கிறது. கட்டி இருபதாவது இரட்டிப்பில் இருக்கும்போதே அகப்பட்ட அபூர்வத் தருணம் அது. அகப்பட்டும் நிறுத்த முடியவில்லை என்பதுதான் அடுத்த பதினான்கு ஆண்டுக் கதை.

எல்லா உலைக்கும் இந்தத் துணி போவதில்லை. கூடங்குளம் உலைகள் ரஷ்ய உதவியோடு வந்தவை. வியன்னாவின் கண்காணிப்பில் இருக்கின்றன. அதே கடற்கரையில் வடக்கே கல்பாக்கத்தில், எரிப்பதைவிட அதிகமாகப் புளூட்டோனியம் ஈனும்படி வடிவமைத்த அதிவேக ஈனுலையை இந்தியா அந்தக் கண்காணிப்புக்கு வெளியே வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் சேராத நாட்டுக்கு அந்த உரிமை உண்டு.

பெலிண்டாபா

செல்லால் முடியாத ஒன்று நாட்டால் முடியும்: திரும்பி வருவது. 1993 மார்ச் 24 அன்று தென்னாப்பிரிக்க அதிபர் டி கிளார்க் நாடாளுமன்றத்தில் ஒரு ரகசியத்தை உடைத்தார். நாடு ஆறு அணுகுண்டுகளைச் செய்து முடித்திருந்தது, பிறகு எல்லாவற்றையும் பிரித்துப்போட்டுவிட்டது. நிறவெறி ஆட்சி முடிவுக்கு வரும் தறுவாயில், வரப்போகும் கறுப்பின அரசின் கையில் குண்டைக் கொடுக்க மனமில்லாததும் ஒரு காரணம் என்று சந்தேகித்தவர்கள் உண்டு. காரணம் எதுவானாலும் சொந்தமாகச் செய்த குண்டை முழுவதும் கைவிட்ட நாடு அது ஒன்றுதான்.

குண்டு போனது; யுரேனியம் இருந்தது. பிரிட்டோரியா அருகே பெலிண்டாபாவில் உள்ள ‘சஃபாரி-1’ ஆராய்ச்சி உலையில் அதை வேறு வேலைக்கு எடுத்தார்கள். செறிவூட்டிய யுரேனியத்தை உலையில் வைத்துப் பிளந்தால் கிடைக்கும் துண்டுகளில் ஒன்று மாலிப்டினம்-99. அது சிதைந்து டெக்னீஷியம் ஆகிறது. மார்பகப் புற்றோ புராஸ்டேட் புற்றோ எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனில் கைநரம்பு வழியாக ஏற்றுவது இந்த டெக்னீஷியத்தைத்தான். மாலிப்டினத்தின் அளவு 66 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால் சேமித்து வைக்க வழியில்லை. வாரம் தவறாமல் புதிதாகச் செய்து விமானத்தில் அனுப்ப வேண்டும். ஒரு வகைப் பரவலுக்காகச் சேர்த்த பொருள் இன்னொரு வகைப் பரவலைக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் போனது.

அதிலும் ஒரு சிக்கல். மருந்துக்காகக் குண்டுத்தர யுரேனியம் ஊர் ஊராகப் போய்வருவதே ஆபத்து என்று ஆயுதக் கட்டுப்பாட்டாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். குறைந்த செறிவு யுரேனியத்தில் செய்தால் செலவு கூடும் என்பது தயாரிப்பாளர்களின் பதில். 2010ல் முதல்முதலாகப் பெரிய வணிக அளவில் குறைந்த செறிவு மாலிப்டினத்தைச் செய்து காட்டியது பெலிண்டாபாதான்.

பழைய குண்டு யுரேனியத்தில் மீதமிருப்பது சுமார் 200 கிலோ என்பது வெளியார் கணிப்பு. 2007 நவம்பரில் ஆயுதம் தாங்கியவர்கள் மின்வேலியைக் கடந்து பெலிண்டாபாவுக்குள் நுழைந்து, அவசரக் கட்டுப்பாட்டு அறை வரை போய், ஒருவரைச் சுட்டுவிட்டுத் தப்பினார்கள். அதற்குப் பிறகு, யுரேனியத்தைக் கொடுத்துவிடுங்கள் அல்லது செறிவைக் குறைத்துவிடுங்கள் என்று அமெரிக்கா மேலும் வலியுறுத்தியது. தென்னாப்பிரிக்கா மறுத்தது. வியன்னாவின் முத்திரையோடு பெட்டகத்தில் இருக்கிறது, ஒப்பந்தம் அனுமதிக்கிறது, ஆயிரக்கணக்கில் குண்டு வைத்திருப்பவர்கள் எங்களிடம் இதைக் கேட்க வேண்டாம் என்பது அதன் வாதம்.